பினாங்கு வருகிறவர்களுக்கு: தண்ணீர் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் பக்கம். வருடத்துக்கு நாலைந்து தடவை ஊரிலிருந்து யாராவது வந்து தங்குவார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேள்விகள் ஆரம்பித்துவிடும். முதலில் விசா, அடுத்தது தண்ணீர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டுக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கோலாலம்பூரில் தங்குகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே பதில்தான். மாறுகிற இடத்தில் சொல்லியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, இந்தக் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவன், அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம். பெயர்தான் அப்படி.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

குடிக்கத் தகுந்த தரத்துக்குச் சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அப்படியே குடிப்பதில்லை. கொதிக்க வைப்போம், இல்லாவிட்டால் வடிகட்டுவோம். இரண்டும் உண்மை. கேட்பவர்களுக்கு இதில்தான் குழப்பம் வருகிறது. ‘நல்ல தண்ணீர் என்கிறீர்கள், அப்புறம் ஏன் காய்ச்சுகிறீர்கள்?’

தண்ணீர் வரும் வழியைச் சொன்னால் புரிந்துவிடும். பினாங்குக்குத் தேவையான தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதிக்கும் பக்கத்து மாநிலமான கெடாவுக்கும் எல்லையாக ஓடும் ஆறு அது. பெருநிலத்தில் இருக்கும் சுங்கை டுவா ஆலையில் படிகாரம் போட்டு அழுக்கைப் படிய வைத்து, மணல் வழியாக வடிகட்டி, குளோரின் கலக்கிறார்கள். பிறகு கடலுக்கடியில் போட்ட குழாய் வழியாகத் தண்ணீர் தீவுக்கு வருகிறது. தீவின் மலை ஓடைகளிலிருந்தும், ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளிலிருந்தும் கொஞ்சம் சேரும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்த மிச்சம்தான் வழியில் கிருமி தொற்றாமல் காவல் காப்பது. காலையில் குழாயைத் திறந்ததும் நீச்சல் குள வாசனை லேசாக அடித்தால் காவலாளி விழித்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆலையை நான் சந்தேகப்படுவதில்லை. சந்தேகம் எல்லாம் கடைசி முப்பது அடியின் மேல்தான். பழைய இரும்புக் குழாய், மூடி சரியாக மூடாத மொட்டைமாடித் தொட்டி, கழுவாத ஜக்கு. எங்கள் வீட்டு வாசலில், மீட்டருக்குப் பக்கத்தில், எவர்சில்வர் உருளை ஒன்று நிற்கிறது. உள்ளே மணல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் வால்வைத் திருப்பிப் பின்னோக்கி அலசினால் முதல் வாளித் தண்ணீர் பாலில்லாத தேநீர் நிறத்தில் விழும். அது குழாய்க்குள் படிந்திருந்த துரு. துரு ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த வாளியை ஒரு தடவை பார்த்தவர்கள் கெட்டிலைத் தேடாமல் இருக்க மாட்டார்கள்.

தெரியாமல் ஒரு வாய் குழாய்த் தண்ணீர் குடித்துவிட்டால் பதற வேண்டியதில்லை. வேண்டுமென்றே தினமும் குடிக்கவும் வேண்டாம்.

உறவினர் வீட்டில் எந்தக் குழாயில் பிடிக்க வேண்டும்?

சமையலறைக் குழாயில். இங்குள்ள தரை வீடுகளில் சமையலறைக் குழாய்க்குப் பெரும்பாலும் தெருக்குழாயிலிருந்து நேரடி இணைப்பு இருக்கும். குளியலறைக்குக் கூரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும். ராத்திரி தாகம் எடுத்தால் குளியலறைக் குழாயில் கை ஏந்தாதீர்கள். அடுக்குமாடி வீடுகளில் எல்லாக் குழாய்க்கும் தொட்டித் தண்ணீர்தான் என்பதால் அங்கே இந்த வித்தியாசம் கிடையாது.

பல் தேய்க்க, வாய் கொப்பளிக்க எந்தக் குழாயானாலும் சரி.

ஹோட்டல் அறையில் தங்கினால்?

தினம் இரண்டு சின்ன பாட்டில் இலவசமாக வைப்பார்கள், ஒரு மின்கெட்டிலும் இருக்கும். பாட்டில் தீர்ந்தால் கெட்டில்தான். முதல் தடவை கெட்டிலுக்குள் எட்டிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். முன்னால் தங்கியவர்கள் அதில் நூடுல்ஸ் வேகவைத்திருக்கலாம், முட்டையும் அவித்திருக்கலாம். தண்ணீர் ஊற்றி ஒருமுறை கொதிக்கவிட்டுக் கொட்டிவிட்டு, அடுத்த கொதியைக் குடியுங்கள்.

கண்ணாடி டம்ளர் விஷயத்தில்தான் நான் கறார். அறைச் சுத்தம் செய்கிறவர்கள் அதை எந்தத் துணியால் துடைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஊரிலிருந்தே ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?

தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று பாட்டி காலத்துக் கணக்கெல்லாம் எரிவாயுவுக்குத்தான் செலவு. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் போனால் மூன்று நிமிடம் வேண்டும். நீங்கள் போகப்போகும் பினாங்குக் கொடிமலை 833 மீட்டர்தான். கெந்திங்கும், கேமரன் மலையில் நீங்கள் தங்கும் ஊர்களும் அந்த 2,000-ஐத் தொடவில்லை. இங்கே வருவது ஏற்கெனவே சுத்திகரித்த தண்ணீர் என்பதால், கொதி வந்ததும் தானாக அணைந்துவிடும் கெட்டிலே போதும்.

கொதித்த தண்ணீரில் குளோரின் பறந்துவிடும், அதாவது காவலாளி போய்விட்டான். மூடி வையுங்கள், ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள்.

சென்னையிலிருந்து டி.டி.எஸ். மீட்டர் கொண்டு வருகிறேன். ஆர்.ஓ. இல்லாமல் எப்படி?

போன மாசி மாதம் வந்த சித்தப்பா நிஜமாகவே கொண்டு வந்தார். பேனா மாதிரி ஒரு கருவி. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் முக்கினார், எண்ணைப் பார்த்தார், மீட்டர் பழுது என்று உதறினார். அண்ணாநகர் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் வரும் எண்ணோடு ஒப்பிட்டால் அவ்வளவு குறைவு.

கருவி பழுதில்லை. இங்கே வருவது மலையிலும் ஆற்றிலும் ஓடும் மழைநீர். பாறைக்குள் பல வருடம் ஊறி உப்பு சேர்த்துக்கொண்டு வரும் நிலத்தடி நீர் இல்லை. அதனால் இது மென்னீர். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு படியாது. சோப்பு நிறைய நுரைக்கும், எவ்வளவு அலசினாலும் வழுவழுப்பு போகாத மாதிரி இருக்கும். ‘உங்க ஊர்ல குளிச்ச மாதிரியே இல்லைப்பா’ என்று சித்தப்பா இரண்டு நாள் புலம்பினார்.

டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளைத்தான் கணக்கெடுக்கும். கிருமியைக் காட்டாது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அந்த எண் ருசிக்கும் உப்புக்குமான எல்லை. மீட்டரில் 40 காட்டும் ஓடைத் தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமி நீந்திக்கொண்டிருக்கலாம். 400 காட்டும் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆர்.ஓ. என்பது உப்பு நிறைந்த நீருக்காக வந்த ஏற்பாடு. உப்பே இல்லாத தண்ணீரில் உப்பை எடுக்க அதை மாட்டுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனாலும் இங்கேயும் பாதி வீடுகளில் மாத வாடகைக்கு எடுத்த கொரிய வடிகட்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது, என் தங்கை வீடு உள்பட.

பாட்டில் தண்ணீரில் எதை வாங்குவது?

மூடி முத்திரை உடையாத எதையும் வாங்கலாம். பாட்டிலில் ஒட்டிய லேபிளில் ‘ஆயர் மினரல்’ என்றிருந்தால் நிலத்தடியிலிருந்து எடுத்த கனிம நீர். ‘ஆயர் மினுமான்’ என்றிருந்தால் சுத்திகரித்துப் பாட்டிலில் அடைத்த குடிநீர். கனிம நீருக்குப் பெரும்பாலும் நிற மூடி, மற்றதற்கு வெள்ளை மூடி. பாதுகாப்பில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை, விலையில் உண்டு. ஒன்றரை லிட்டர் பாட்டில் பேரங்காடியில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். சுற்றுலா இடங்களில் அரை லிட்டருக்கே அந்த விலை கேட்பார்கள். (வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டைத்தான், காசு என்றால் சென். கடையில் ‘அஞ்சு வெள்ளி’ என்றதும் மிரண்டு போகாதீர்கள்.)

வெயிலில் நிறுத்திய காருக்குள் நாள் கணக்கில் கிடந்த பாட்டிலைக் குடிக்க வேண்டாம்.

தெருமுனையில் காசு போட்டால் தண்ணீர் கொட்டும் இயந்திரம் இருக்கிறதே?

தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், கடைவீதி ஓரமாக நிற்கும். சில்லறை போட்டால் லிட்டர் கணக்கில் வரும். உள்ளே இருப்பது அதே குழாய்த் தண்ணீர்தான், இன்னொரு தடவை வடிகட்டித் தருகிறது. எல்லாம் பராமரிப்பைப் பொறுத்தது. உரிம ஒட்டுவில்லை இருக்கிறதா, வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறதா, தண்ணீர் விழும் முனையில் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முனை பச்சையாக இருந்தால் காசு போடாதீர்கள். எங்கள் தெரு இயந்திரத்தின் முனையில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் எப்படிக் கேட்பது?

இதை நிதானமாகப் படியுங்கள், வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்ததும் ஒருவர் வந்து ‘என்ன தண்ணி?’ என்று கேட்பார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்து ‘ஆமா, ரெண்டு’ என்று சொல்லிவிடாதீர்கள். மலேசியத் தமிழில் தண்ணி என்றால் எல்லாப் பானமும் சேர்த்துத்தான்: தேநீர், காபி, மைலோ, எலுமிச்சை ஜூஸ். ‘தண்ணி கலக்கட்டுமா?’ என்று வீட்டில் கேட்டால் காபி போடட்டுமா என்று அர்த்தம். ஊரில் தண்ணி என்ற சொல்லுக்கு இருக்கும் இன்னொரு அர்த்தத்தை நினைத்து முகம் சிவந்த மாமாக்கள் உண்டு.

வெறும் தண்ணீர் வேண்டுமென்றால் ‘அண்ணே, ஆயர் சுவாம் ஒன்னு’ என்று சொல்லுங்கள். சுவாம் என்றால் வெதுவெதுப்பு. காய்ச்சின தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில் வரும். நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது இதைத்தான். ‘ஆயர் கோசோங்’ என்றால் எதுவும் கலக்காத தண்ணீர், பெரும்பாலும் ஐஸ் போட்டு வரும். வேடிக்கையாக அதை ஸ்கை ஜூஸ் என்பார்கள், வானத்திலிருந்து வருவதால். ‘ஆயர் மாசாக்’ காய்ச்சிய தண்ணீர். எதைக் கேட்டாலும் சில காசுகள் பில்லில் ஏறும், இங்கே தண்ணீர் இலவசம் இல்லை. கடையில் வேலை செய்கிறவர்களில் இராமநாதபுரத்துக்காரர்களும் உண்டு, வங்காளதேசத்துக்காரர்களும் உண்டு. ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மலாய்க்காரரும் சீனரும்கூட மாமாக் கடையில் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் இலையை முன்பே துடைத்துத்தான் போடுவார்கள். ஊர்ப் பழக்கத்தில் குடிக்க வைத்த தண்ணீரைத் தெளித்து இலையைத் துடைத்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, ஆனால் இலை ஈரமாக இருந்தால் சோறு போடுமுன் உதறிவிடுங்கள்.

சீனர் காபிக் கடைகளில் இன்னொரு வழக்கம். மேசைக்கு ஒரு கிண்ணம் கொதிநீர் வரும், உள்ளே கரண்டிகளும் சின்னக் கோப்பைகளும் கிடக்கும். அவற்றை அலசிக்கொள்வதற்காக வைப்பது அது. காரைக்குடி மாமா ஒருவர் அதை ருசி பார்த்து, ‘சூப்புல உப்பே இல்லையே’ என்று அத்தையிடம் சொன்னது எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு.

ஐஸ் போடலாமா?

உறைய வைத்தால் கிருமி சாகாது, பெரும்பாலும் தூங்கும். உருகினால் எழுந்துவிடும். அதனால் ஐஸ் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

நடுவில் துளையுள்ள குழல் ஐஸ் தொழிற்சாலையில் சுத்திகரித்த நீரில் செய்து பையில் கட்டி வருவது. கடையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். தொழிற்சாலையை விட்டு வரும்போது சுத்தமாகத்தான் வரும். அப்புறம் கடையில் என்ன நடக்கிறது? இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஐஸை எதால் அள்ளுகிறார்கள்: நீளக் கைப்பிடி கரண்டியாலா, காசு வாங்கிய கையாலா? இரண்டு, ஐஸ் பெட்டிக்குள் வேறு என்ன கிடக்கிறது? பாட்டில்களையும் டின்களையும் குளிர வைக்கப் புதைத்திருந்தால், அந்த ஐஸ்தான் உங்கள் கிளாஸிலும் விழும். டின்னின் வெளிப்பக்கம் எந்தக் கிடங்கிலிருந்து வந்ததோ. கரண்டியை ஐஸுக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தாலும் எனக்குப் பிடிக்காது, கைப்பிடியில் பட்டதெல்லாம் ஐஸிலும் பட்டுவிடும்.

பெரிய கட்டி ஐஸை உடைத்தோ துருவியோ போடும் இடத்தில் இன்னும் கொஞ்சம் உஷார். தரையில் சாக்கைப் போட்டு அதன்மேல் வைத்து உடைத்ததைச் சின்ன வயதில் சந்தையில் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி மனசைவிட்டுப் போகவில்லை.

வேண்டாம் என்றால் ‘தக் நக் ஐஸ்’ என்று சொல்லுங்கள். வந்த முதல் இரண்டு மூன்று நாள் இப்படிச் சொல்லிவிட்டு, வயிறு பழகியதும் நல்ல கடையில் ஐஸ் போட்ட தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், குடிக்கலாம். இந்தப் புழுக்கத்தில் ஐஸே கிடையாது என்று ஆயுசுக்கும் விரதம் இருக்கச் சொல்ல எனக்கு மனசில்லை.

செண்டோல், ஐஸ் காச்சாங், கரும்புச் சாறு?

செண்டோலும் ஐஸ் காச்சாங்கும் துருவிய ஐஸ் போட்ட இனிப்புகள், செண்டோலில் தேங்காய்ப்பால் சேரும். பினாங்குக்கு வந்துவிட்டுச் செண்டோல் சாப்பிடாமல் போகிறவர்களை என்ன சொல்வது. கூட்டம் மொய்க்கும் கடையில், கண்முன்னே இயந்திரத்தில் ஐஸ் துருவும் இடத்தில் சாப்பிடுங்கள். கூட்டம் இருந்தால் தேங்காய்ப்பால் தேங்கிப் புளிக்காது. அந்தச் சின்னக் கிண்ணத்தில் எனக்கு ஐஸைவிடத் தேங்காய்ப்பால்மேல்தான் சந்தேகம்.

கரும்புச் சாற்றை ஐஸ் இல்லாமல் வாங்குங்கள். பிழியும் உருளையில் ஈ மொய்த்தால் நடையைக் கட்டுங்கள். இளநீரைக் கண்முன்னே வெட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே வடித்துக் குடத்தில் வைத்த இளநீர் வேறு சமாச்சாரம்.

கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க எந்தத் தண்ணீர்?

காய்ச்சிய தண்ணீர்தான், பாட்டில் தண்ணீரானாலும் காய்ச்சியது. கடைப் பாட்டிலைத் திறந்து நேராக மாவில் ஊற்றுகிறார்கள், அது தப்பு. மாவிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்த தண்ணீரை அரை மணிக்குமேல் ஆறவிடாமல் கரைத்து, பிறகு பாட்டிலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆறவைத்துக் கொடுங்கள். அப்பப்போ கரைப்பது நல்லது. வெளியே சுற்றப் போகும்போது பிளாஸ்கில் சுடுதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கனிம நீரில் உப்பு கூடுதலாக இருக்கலாம், குழந்தைக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தண்ணீர் வெட்டு வந்தால்?

வரும். பினாங்கில் 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா ஆலையில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக முன்கூட்டியே அறிவித்து நீர் விநியோகத்தை நிறுத்தினார்கள். நாங்கள் குளியலறை வாளி, அண்டா, பாயசப் பாத்திரம் எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம்.

கோலாலம்பூரில் கதை வேறு. அங்கே நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சிலாங்கூர் மாநிலத்துக்கும் பெரும்பங்கு தண்ணீர் சுங்கை சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. ஆற்றில் யாராவது கழிவைக் கொட்டி நாற்றம் வந்தால் சுத்திகரிப்பு ஆலைகளையே மூடிவிடுவார்கள். 2020 செப்டம்பரில் அப்படி நான்கு ஆலைகளை ஒரே நேரத்தில் மூடியதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. திட்டினோம். ஆனால் குழாயில் காற்று வருவது, கெட்ட தண்ணீர் வருவதைவிட எவ்வளவோ மேல்.

நீங்கள் கவனிக்க வேண்டியது தண்ணீர் திரும்பி வரும்போது. முதலில் பழுப்பாகக் கொட்டும். தெளியும்வரை திறந்துவிடுங்கள், குடிக்க எடுப்பதைக் கண்டிப்பாகக் காய்ச்சுங்கள். தண்ணீர் லோரி தெருவுக்கு வந்தால் பிடித்துக்கொள்ளலாம், அதையும் காய்ச்சித்தான். லோரித் தண்ணீர் நல்லதாகவே இருந்தாலும் அதன் குழாய் தரையில் இழுபட்டதை நீங்களே பார்ப்பீர்கள். ஹோட்டலில் இருந்தால் வரவேற்பில் கேளுங்கள்: தொட்டியில் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது?

அருவியில் குளிக்கும்போது குடிக்கலாமா? தெளிவாக இருக்கிறதே?

கூடாது. தெளிவு ஏமாற்றும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் இங்கே நீர்வீழ்ச்சிகளில் உண்டு, மழைக்குப் பிறகு கூடும். 2010-ல் பகாங் மாநிலத்தின் லுபுக் யூ பகுதியில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்கள் பலர் எலிக்காய்ச்சலும் மண்ணிலும் நீரிலும் வாழும் இன்னொரு கிருமியும் தாக்கிப் படுத்தார்கள், சிலர் இறந்தே போனார்கள். குடித்தால்தான் வரும் என்றில்லை, காலில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாகவும் நுழையும். காயத்தோடு இறங்காதீர்கள். இந்தக் காய்ச்சல் சில நாள் கழித்து, சில சமயம் மூன்று நான்கு வாரம் கழித்துக்கூட வரலாம். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் ‘மலேசியாவில் அருவியில் குளித்தேன்’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்க மாட்டார்.

காட்டுக்குள் நடைப்பயணம் போகிறவர்கள் தண்ணீர் சுமந்து போவதே நல்லது. குளோரின் மாத்திரை பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு அசைந்துகொடுக்காது. காய்ச்சினால் போகும்.

தைப்பூசத்துக்கு வருகிறேன். தண்ணீர்ப் பந்தலில் குடிக்கலாமா?

நம் முருகன் இங்கே இருக்கும் இடத்துக்கே தண்ணீர்மலை என்றுதான் பெயர். பக்கத்தில் கொட்டும் அருவியால் வந்த பெயர் அது. அந்த அருவித் தண்ணீர்தான் ஒரு காலத்தில் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்குக் குடிநீர். அங்கே போய்த் தண்ணீர்ப் பந்தலில் குடிக்காதே என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்.

குடியுங்கள். மூடிய பாட்டிலோ, முத்திரையிட்ட கோப்பையோ கொடுக்கும் பந்தலில் தயங்க வேண்டியதில்லை. பெரிய தொட்டியில் ரோஸ் சிரப் கலந்து, ஐஸ் மிதக்க, ஆளாளுக்குக் குவளையை முக்கி மொள்ளும் பந்தலைத் தாண்டிப் போங்கள். தொட்டிக்கு அடியில் குழாய் வைத்துப் பிடித்துக் கொடுத்தால் பரவாயில்லை. மோரும் பானகமும் காலையில் நல்லது, மத்தியான வெயிலில் நின்றது எனக்கு வேண்டாம். காவடி எடுப்பவர்களோடு நடக்கிறவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே நடங்கள். மயங்கி விழுகிறவர்களில் நிறைய பேர் கெட்ட தண்ணீர் குடித்தவர்கள் இல்லை, தண்ணீரே குடிக்காதவர்கள்.

இவ்வளவு பார்த்தும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. என்ன செய்ய?

தண்ணீரை மட்டும் குறை சொல்லாதீர்கள். பாதிக்குப் பாதி, காலையிலிருந்து வெளியே இருந்த சாம்பாரோ கழுவாத கையோதான் காரணம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் போன நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஊரில் வாங்கும் பெரிய பாக்கெட் வழக்கமாக 1 லிட்டருக்கு. இங்கே விற்பது பெரும்பாலும் 250 மில்லிக்கு. ஊர் நினைப்பில் இந்தச் சின்னப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கலந்தால் உப்பு போதாது. ஊர்ப் பாக்கெட்டை ஒரு கிளாஸில் கலந்தால் உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். நடுராத்திரியில் பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி இருந்தால் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கஞ்சித் தண்ணீர் நல்லது. வியர்வைக்குக் குடிக்கும் ஐசோடோனிக் பானத்தைப் பக்கத்து வீட்டார் அன்பாகக் கொண்டு வந்து தருவார்கள். பெரியவர்களுக்குத் தற்காலிகமாகச் சரி, குழந்தைக்கு அது ஓ.ஆர்.எஸ். ஆகாது, சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு.

போக்கை நிறுத்தும் மாத்திரையை ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, குழந்தை துவண்டு கண் உள்ளே போயிருக்கிறது: இதில் எது இருந்தாலும் கிளினிக்குக்குக் கிளம்புங்கள். எந்தக் கடைவரிசையிலும் ஒரு கிளினிக் இருக்கும், ‘24 ஜாம்’ என்று எழுதியிருந்தால் இரவு பகல் திறந்திருக்கும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் ஒரு நாளுக்குமேல் காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு 999.

தடுப்பூசி ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டுமா?

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் உணவாலும் நீராலும் வருவன. புறப்பட இரண்டு மூன்று வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஊரிலிருந்து தண்ணீர் கொண்டு வரட்டுமா?

திருச்சி அத்தை இரண்டு லிட்டர் காவிரித் தண்ணீரைக் கைப்பையில் வைத்து, பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்து, தரையிறங்கும்வரை அழுதார். கைப்பையில் 100 மில்லிக்குமேல் திரவம் விடமாட்டார்கள். பூஜைக்கு வேண்டுமென்றால் சின்னச் செம்பில் ஈயம் வைத்து மூடி, விமானத்தின் சரக்கில் போகும் பெட்டியில் போடுங்கள்.

உங்கள் தண்ணீரில் சமையல் ருசி மாறுமா?

மாறும். வந்தவர்கள் மூன்றாம் நாள்தான் கண்டுபிடிப்பார்கள். மென்னீரில் டிகாக்‌ஷன் ருசி மாறும், ஊர் அளவுக்குப் பொடி போட்டுக் கசந்தால் ஒரு கரண்டி குறையுங்கள். பருப்பும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கி வைக்கும், இங்கே அது இல்லை. அத்தை வந்த அன்று ஊர்க்கணக்கில் ஐந்து விசில் விட்டு இறக்கினார், துவரம்பருப்பு சாம்பாருக்குக்கூட ஆகாமல் கரைந்து ரசமாகிவிட்டது. மூன்று விசில் போதும்.